ஆயுதத்தை முதலில் கீழே வைப்பது யார்?

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே வேப்பூர் கூட்டு ரோட்டில் ஆடுகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை வெட்டிக் கடக்கும் ஊர் இது. டெம்போவிலும் மினி லாரியிலும் ஆடுகள் வந்து இறங்கும். தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கிவிட்டால் சந்தைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் நான் கவனிப்பது ஆட்டையல்ல, தரகரின் துண்டை.

இப்போது பெரும்பாலும் வாய்விட்டே விலை பேசுகிறார்கள். ஆனாலும் நம் பக்கத்துச் சந்தைகளில் பழைய தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரல் பிடித்துப் பேசுவது உண்டு. இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம் என்று கணக்கு. வாங்க வந்தவர் எவ்வளவுக்கு இறங்கி வந்தார், விற்க வந்தவர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பது துண்டுக்குள் இருக்கும் விரல்களுக்கு மட்டுமே தெரியும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்குத் தெரியாது. நாலு பேர் காதில் விழும்படி ஒரு விலையைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்குவது மானப் பிரச்சினையாகிவிடும். துண்டுக்குள் என்றால் இறங்கலாம், ஏறலாம், பேச்சு முறிந்தாலும் முகம் கெடாமல் எழுந்து போகலாம்.

ஒரு நாட்டின் சொந்த மக்களே இரு படைகளாகப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கொன்று குவித்துக்கொள்ளும் போரைப் பேசி முடிப்பதற்கும் இதே துண்டு வேண்டியிருக்கிறது. நார்வேக்காரர்கள் இலங்கை அரசின் கொழும்புக்கும் விடுதலைப் புலிகளின் வன்னிக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் விரித்துப் பிடித்தது அதைத்தான். ஈழத்து நாளிதழ்கள் அவர்களுக்கு ‘அனுசரணையாளர்’ என்று அழகான பெயர் வைத்தன. ஆனால் ஆட்டு வியாபாரத்துக்குத் துண்டும் தரகரும் போதும். உள்நாட்டுப் போருக்குப் போதாது. ஏன் போதாது என்ற கேள்விக்கு அரசியல் அறிவியல் கடந்த 40 ஆண்டுகளில் கண்டிருக்கும் விடை, நம் கண் முன்னால் நடந்து முடிந்த ஒரு பேரழிவைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

முதலில் ஒரு புதிரைப் பார்ப்போம். ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரையில் எழுப்பியது இது. எந்தப் போரும் என்றாவது ஏதோ ஒரு முடிவில் வந்து நிற்கும். யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்கு என்ன அதிகாரம் என்று ஒரு கணக்கு முடியும். அதே கணக்கை முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே பேசி ஒப்புக்கொண்டிருந்தால் இரு தரப்புக்கும் லாபம்தானே? செத்தவர்கள் பிழைத்திருப்பார்கள், எரிந்த ஊர்கள் எரியாமல் இருந்திருக்கும். சந்தைக் கணக்கில் சொன்னால், விற்பவர் 8,000 ரூபாய்க்குக் கீழே தரமாட்டார், வாங்குபவர் 9,000 ரூபாய்வரை போவார். நடுவில் 1,000 ரூபாய் இடம் இருக்கிறது. பேரம் நீளும் ஒவ்வொரு மணிக்கும் ஆடு இளைத்துக்கொண்டே போகிறது என்றால் இருவரும் சட்டென்று முடிக்கத்தானே வேண்டும்? போரில் மட்டும் ஆடு எலும்பாகிச் சாகும்வரை பேரம் முடிவதில்லை.

ஃபியரன் சொன்ன காரணங்களில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, எதிராளியின் உண்மையான பலமும் மனவுறுதியும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழியாகப் போர் அமைந்துவிடுகிறது. இன்னொன்றுதான் கனமானது. இன்று கொடுக்கும் வாக்கை நாளை பலசாலியானபின் எதிராளி காப்பாற்றுவான் என்பதற்கு எந்தப் பிணையும் இல்லை. விலை படிந்தாலும் பணம் கைக்கு வருமா என்ற பயம் அது.

இந்த இரண்டாவது காரணத்தைக் கையில் எடுத்தவர் பார்பரா வால்ட்டர் என்ற அறிஞர். 1940 முதல் 1990 வரையிலான போர்களை எண்ணிப் பார்த்து 1997இல் அவர் வெளியிட்ட கணக்கு பலரையும் உலுக்கியது. நாடும் நாடும் மோதிய போர்களில் 55 விழுக்காடு பேச்சுவார்த்தை மேசையில் முடிந்திருந்தன. உள்நாட்டுப் போர்களிலோ 20 விழுக்காடுதான். உள்நாட்டுக்காரர்கள் மூர்க்கர்கள், வெறுப்பு அதிகம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. விலை படிந்த பிறகும், அதாவது அதிகாரப் பங்கீடு குறித்து உடன்பாடு வந்த பிறகும் பல உள்நாட்டுப் பேச்சுகள் உடைந்திருந்தன.

வால்ட்டரின் விளக்கம் நம் ஊர் பங்காளி வழக்கைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அயலூர்க்காரனோடு சண்டை என்றால் பேசி முடித்துவிட்டு அவன் அவன் ஊருக்குப் போகிறான், நான் என் ஊருக்கு வருகிறேன். அவன் வீட்டு அரிவாள் அவன் வீட்டிலேயே இருக்கும், என் அரிவாள் என் வீட்டில். இரு நாடுகள் அப்படித்தான் பிரிகின்றன, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படை நிற்கும். பங்காளிகள் அப்படிப் பிரிய முடியாது. ஒரே கிணறு, ஒரே வாசல், நடுவில் ஒரு சுவர். ஒரு நாட்டில் இரண்டு படை இருக்க முடியாது என்பதால் சமாதானம் என்றாலே யாரோ ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைத்தாக வேண்டும். வைத்தவுடன் அவர் நிராயுதபாணி. மறுநாள் வாக்கு மீறப்பட்டால் தட்டிக் கேட்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆயுதத்தை விட்டால்தான் சமாதானம், விட்டபின் சமாதானம் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இந்த முடிச்சுதான் உள்நாட்டுப் போரின் நடுநாடி.

இனி இலங்கைக்கு வருவோம்.

1985 ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டானின் திம்புவில் இந்தியாவின் முயற்சியால் பேச்சு நடந்தது. தமிழர் தரப்பு ஒன்றாகக் கூடிக் கோரிக்கைகளை வைத்தது, கொழும்பு மறுத்தது, முறிந்தது. அங்கே விலையே படியவில்லை. எனவே அது நம் கேள்விக்குப் பெரிதாக உதவாது. உதவுவது 1987.

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாணம், அதற்கொரு மாகாண சபை, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி என்று அதுவரை கொழும்பு தராத பலவும் அதில் இருந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. போர் ஓய்ந்த 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்.

அந்த 72 மணி நேரத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். போரிட்டுக்கொண்டிருந்த இயக்கங்களில் ஒன்றுகூட அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டவர்கள் இரண்டு அரசுகள். ஆயுதம் மூன்று நாளில் போய்விட வேண்டும்; அதிகாரமோ சட்டத் திருத்தம், சபை, தேர்தல் என்று மாதக்கணக்கில் பின்னால் வர வேண்டியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலைக் கூட்டத்தில் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசியதன் சாரம், ஆயுதத்தோடு சேர்த்து மக்களின் பாதுகாப்புப் பொறுப்பும் இனி இந்தியாவுடையது என்பதுதான். வால்ட்டர் தன் கட்டுரையில் சொன்ன அதே முடிச்சு, அதற்குப் பத்தாண்டு முன்பே யாழ்ப்பாணத்தில் ஒரு மேடையில் அப்படி வெளிப்பட்டது. ஆயுதங்களில் ஒரு பகுதிதான் வந்தது. செப்டம்பர் 26இல் புலிகளில் ஒருவரான திலீபன் உண்ணாநோன்பிருந்து இறந்தார். அக்டோபர் 5ஆம் தேதி, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்த புலிகளில் புலேந்திரன், குமரப்பா உட்பட 12 பேர் கொழும்புக்குக் கொண்டுபோகப்படும் நிலையில் சயனைடு அருந்தி மாண்டார்கள். அக்டோபர் 10இல் பிணை நிற்க வந்த இந்தியப் படையும் புலிகளும் ஒருவரோடொருவர் போரிடத் தொடங்கினார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அங்கே செத்த தமிழ்க் குடிமக்களின் வீடுகளில் அந்தக் காலத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை.

இந்தியாவுக்கு இது தெரியாத வித்தையா என்றால், இல்லை. சரியாக 13 மாதங்களுக்கு முன்பு, 1986 ஜூன் 30ஆம் தேதி, இதே ராஜீவ் காந்தியின் அரசு மிசோரத்தில் 20 ஆண்டுக் கிளர்ச்சியைப் பேசி முடித்திருந்தது.

மிசோரம் கதை மூங்கிலில் தொடங்குகிறது. அங்கே ஒரு வகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுக்க ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிகள் வயலுக்குள் இறங்கும். ‘மௌதாம்’ என்பார்கள். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தில் அரசின் மெத்தனம் கண்டு கொதித்தவர்கள் தொடங்கிய பஞ்ச நிவாரண அமைப்பே மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966 மார்ச்சில் ஆயுதக் கிளர்ச்சி. இந்திய விமானப்படை ஐஸால் நகர் மீதே குண்டு வீசியது. இத்தனைக்கும் பிறகு, 1986 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் முன்னணியின் தலைவர் லால்டெங்காவேதான். மத்திய அரசின் சார்பில் கையெழுத்திட்ட உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதானுக்கு அது பணியின் கடைசி நாள். அன்றைய முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா, தேர்தலில் வென்று வந்தவர், பதவியை விட்டு இறங்கி லால்டெங்காவுக்கு வழிவிட்டார். ஆகஸ்டில் லால்டெங்கா முதலமைச்சர். மிசோ மக்களின் வழக்காறு, சமயம், நிலவுரிமை ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டம் அவர்கள் சட்டமன்றம் ஒப்பினால்தான் செல்லும் என்று அரசமைப்பில் 371ஜி பிரிவு சேர்ந்தது. 1987 பிப்ரவரி 20இல் தனி மாநிலம் பிறந்தது. அடுத்த ஆண்டே கட்சித் தாவலால் லால்டெங்காவின் ஆட்சி கவிழ்ந்தது, அடுத்து வந்த தேர்தலிலும் அவர் கட்சி தோற்றது. ஆனால் அவர் காட்டுக்குத் திரும்பவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மிசோரத்தில் போரிட்டவர் கையெழுத்திட்டார், இலங்கையில் போரிட்டவர் கையெழுத்திடவில்லை. மிசோரத்தில் ஆயுதம் கீழே இறங்கியபோதே நாற்காலி மேலே வந்தது, சட்டம் அதற்குக் காவல் நின்றது. இலங்கையில் ஆயுதம் முதலில், நாற்காலி பிறகு. வரிசை மாறியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மிசோ முன்னணி அப்போது தளர்ந்திருந்தது, புலிகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஆயினும் ஓர் ஆண்டுக்கு முன் தெரிந்த பாடம் கடல் கடக்கும்போது கைநழுவிப் போனது உண்மை.

அடுத்த பெரிய வாய்ப்புக்கு 15 ஆண்டுகள் ஆயின. இடையில் 1989–90இல் ஜனாதிபதி பிரேமதாசவோடும், 1994–95இல் ஜனாதிபதி சந்திரிகாவோடும் பேச்சு நடந்து முறிந்தது. 2002 மட்டும் எப்படிச் சாத்தியமானது?

வில்லியம் ஸார்ட்மன் என்ற அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். நல்ல யோசனை கிடைத்தது என்பதற்காக யாரும் பேச வருவதில்லை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் முட்டுச்சந்தில் நின்று, இருவருக்கும் வலி தாங்க முடியாமல் போகும்போதுதான் வருகிறார்கள். காய் கனிவது மாதிரி அந்தத் தருணமும் கனிய வேண்டும். இலங்கையில் அது கனிந்த விதத்தைத் தேதி வாரியாகவே பார்க்கலாம். 2000 ஏப்ரலில் ஆனையிறவு படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்தது. ஆனால் அவர்களால் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க முடியவில்லை. 2001 ஏப்ரலில் ராணுவம் நடத்திய ‘அக்னி கீல’ தாக்குதல் சில நாட்களிலேயே தோற்றது. ஜூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானங்கள் எரிந்தன. அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாகச் சுருங்கியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆயுத இயக்கங்களை உலகம் பார்த்த பார்வையும் மாறிவிட்டது. டிசம்பர் தேர்தலில் சமாதானத்தைச் சொல்லி ரணில் விக்கிரமசிங்க வென்று பிரதமரானார். புலிகள் தாங்களாகவே போர்நிறுத்தம் அறிவித்தார்கள்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈழத்தவர் அதைப் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்பார்கள். பிரபாகரன் வன்னியில் கையெழுத்திட்டார், ரணில் வவுனியாவில். இருவரும் ஒரே அறையில் உட்காரவில்லை. தாளைக் கொண்டு போய்க் கொண்டு வந்தது நார்வே. துண்டுக்குள் விரல் பிடித்த பேரம்தான். பிப்ரவரி 23 முதல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. வழிபாட்டு இடங்களிலிருந்து 30 நாட்களில், பள்ளிக் கட்டடங்களிலிருந்து 160 நாட்களில் படைகள் விலக வேண்டும் என்று நாள் குறித்தார்கள். ஏப்ரலில் ஏ9 சாலை திறந்தது. ஆண்டுக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகவே போக முடிந்தது. அதற்குப் பிறகு வந்த சில ஆண்டுகளை அங்கே இன்றும் ‘சமாதான காலம்’ என்று சொல்கிறார்கள். கல்யாணம், வீடு கட்டியது, பிள்ளை பிறந்தது எல்லாவற்றுக்கும் அது ஒரு ஆண்டுக்கணக்கு.

ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. தாய்லாந்தின் சத்தகிப்பில் 2002 செப்டம்பரில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் முடிந்தது. புலிகளுக்கு அன்ரன் பாலசிங்கம் தலைமை, அரசுக்கு ஜி.எல். பீரிஸ். டிசம்பரில் ஒஸ்லோவில் ஓர் அதிசயம் நடந்தது. தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்களில் உள்ளக சுயநிர்ணய அடிப்படையில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராய்வது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. தனிநாடு கேட்டவர்களும் ஒற்றையாட்சியை விடமாட்டோம் என்றவர்களும் நடுவில் ஓரிடத்துக்கு வந்து நின்றார்கள். ஃபியரனின் புதிரில் சொன்ன அந்த 1,000 ரூபாய் இடம் இருப்பது அன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அதே டிசம்பரில்தான் முடிச்சும் இறுகியது. யாழ்ப்பாணத்தில் ராணுவம் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்று வேலி போட்டிருந்த இடத்துக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடும் தோட்டமும் இருந்தன. சமாதானம் வந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று அவர்கள் கேட்டார்கள். யாழ்ப்பாணப் படைத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா வைத்த திட்டம், புலிகள் ஆயுதத்தைக் களையக் களையத்தான் வலயத்தைத் தளர்த்த முடியும் என்றது. தீர்வு வராமல் ஆயுதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார்கள் புலிகள். தளபதியின் இடத்தில் நின்று பார்த்தால் அவருடைய பயம் நியாயம், வலயத்தை விட்டால் எதிராளியின் பீரங்கி நெருங்கிவிடும். புலிகளின் இடத்தில் நின்று பார்த்தால் அவர்கள் பயமும் நியாயம், 1987இன் 72 மணி நேரம் அவர்களுக்கு மறக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம். இதற்கென்று அமைத்த துணைக்குழு இயங்காமல் போனது. பேச்சுவார்த்தை எங்கே செத்தது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்திவைத்ததற்குச் சொன்ன காரணங்கள் பல. வேர் இங்கே இருந்தது.

தரகர் துண்டைப் பிடிக்கலாம். பிணை நிற்பது வேறு வேலை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக்காரர்கள் கொண்ட கண்காணிப்புக் குழுவுக்கு ஆயுதம் கிடையாது. புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்தபோதும், மாற்று இயக்கத்தவர் கொல்லப்பட்டபோதும், அரசுப் படைகள் மக்களின் இடங்களை விடாமல் பிடித்திருந்தபோதும் குழுவால் எழுதி வைக்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றிய நாட்டுக்காரர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்று புலிகள் சொல்ல, எஞ்சியவை நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டுமே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பேச்சுவார்த்தையில் ஒவ்வொரு தலைவரும் இரண்டு மேசையில் உட்கார்கிறார், ஒன்றில் எதிராளி, மற்றதில் சொந்த ஆட்கள் என்று ராபர்ட் புட்னம் என்ற அறிஞர் 1988இல் எழுதினார். ரணிலின் இரண்டாவது மேசையில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி சந்திரிகா இருந்தார். போர்நிறுத்தத்தில் தன்னைக் கலக்கவில்லை என்பது அவர் குறை. 2003 அக்டோபர் கடைசியில் புலிகள் இடைக்கால நிர்வாகத்துக்கான யோசனையை வெளியிட்டார்கள். சில நாட்களில் சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புலிகளின் இரண்டாவது மேசையும் உடைந்தது, 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். மேசையே கிடைக்காதவர்களும் உண்டு. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் தங்களுக்குத் தனித் தூதுக்குழு கேட்டார்கள், தரப்படவில்லை. ரவூப் ஹக்கீம் அரசுத் தரப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மற்றது தெரிந்த கதை. சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் ஒப்புக்கொண்ட பொதுக் கட்டமைப்பு 2005இல் நீதிமன்றத்தில் தடைபட்டது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் புலிகளின் கட்டுப்பாட்டிலும் செல்வாக்கிலும் இருந்த பகுதிகளில் மக்கள் வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கில் வென்றார். 2006 ஜூலையில் மாவிலாறில் போர் மீண்டும் மூண்டது. ஒப்பந்தத்தை முறிக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2002 தாளிலேயே எழுதியிருந்தது. 2008 ஜனவரி 2இல் அரசு அறிவித்தது, 16இல் ஒப்பந்தம் இறந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது.

முடிச்சை அவிழ்க்கவே முடியாதா? முடிந்திருக்கிறது. வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் வந்தது. ஆயுதத்தை ஈராண்டில் களைய வேண்டும் என்று எழுதினார்கள், நடக்கவில்லை. ஆனால் அதற்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவில்லை. கைதிகள் விடுதலையானார்கள், காவல்துறை சீர்திருந்தியது, ஆட்சிமன்றம் விழுந்தும் எழுந்தும் நடந்தது. அங்கே ஆயுதம் ஏந்தியிருந்த ஐ.ஆர்.ஏ. இயக்கம் தன் ஆயுதங்களை முழுதாக அழித்தது 2005 செப்டம்பரில், ஏழு ஆண்டு கழித்து. எதிரியிடம் ஒப்படைத்தால் அது சரணடைதல் ஆகிவிடும் என்பதால் கனடா நாட்டு ஜெனரல் ஜான் டி சாஸ்டலேன் தலைமையிலான ஆணையத்தின் முன் அழித்தார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். படமெடுக்கவில்லை. மானம் போகக்கூடாது என்று இங்கேயும் ஒரு துண்டு.

கொலம்பியாவில் 2016இல் அரசும் கெரில்லாக்களும் செய்த ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்கடித்தார்கள். திருத்தி மறுபடி கையெழுத்திட்டார்கள். கெரில்லாக்கள் ஆயுதத்தை ஐ.நா.வின் பெட்டகங்களில் வைத்தார்கள். அதன்பின் முன்னாள் போராளிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கீழே வைத்தவரின் பயம் கற்பனையல்ல.

வேப்பூரிலிருந்து கிழக்கே அரை மணிப் பயணத்தில் விருத்தாசலம். செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது, சுற்றிலும் சிறு சிறு பீங்கான் பட்டறைகள். சூளையோடு பழகியவர்களுக்குத் தெரியும், நெருப்பு எரியும்போது மட்டுமல்ல, நெருப்பை அணைத்த பிறகும் பாண்டம் விரிசல் விடும். களிமண் கலவையில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியைக் கடந்து ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறிச் சட்டென்று சுருங்கும். மெல்ல ஆறவிட்டால் பாண்டம் முழுவதும் ஒரே சீராக அந்த இடத்தைக் கடக்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெளிப்புறம் சுருங்க, உள்புறம் சுருங்காமல் நிற்க, நடுவே கீறல் ஓடும். போர்நிறுத்தமும் அணைத்த சூளைதான். வட அயர்லாந்துக்கு ஆற ஏழு ஆண்டு கிடைத்தது. 1987இல் ஈழத்துக்கு 72 மணி நேரம் கொடுத்தார்கள்.

சூளைக்குள் இன்னொன்றும் வைப்பார்கள். கோன் என்பது அதன் பெயர். பாண்டத்தைப் போலவே கனிமக் கலவையில் செய்த ஒரு சிறு கூம்பு. வெப்பமானி சூட்டைத்தான் காட்டும். அந்தச் சூடு மண்ணை உண்மையில் என்ன செய்தது என்பதைக் கோன் தன் உடம்பை வளைத்துக் காட்டும்.

சமாதான ஒப்பந்தத்துக்கும் அப்படி ஒரு கோன் இருக்கிறது: அகதி. 1983 ஜூலையிலிருந்து 1987 ஜூலைவரை ஏறத்தாழ 1,34,000 பேர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1987 ஒப்பந்தத்தை நம்பி அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து 1989 ஆகஸ்டுக்குள் 25,000க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் 1,22,000 பேர் வந்து இறங்கினார்கள். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். நம் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும் அம்பலவாணன்பேட்டையிலும் உண்டு. 2021இல் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

ஒஸ்லோ அறிக்கையை வரி வரியாகப் படித்த அறிஞர்களைவிட, கப்பலேறலாமா வேண்டாமா, இந்த முறை நம்பலாமா என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடிவெடுத்த தாய்மார்கள் அந்தத் தாள்களைக் கூர்மையாகப் படித்தவர்கள். அவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முகாம் இருந்தால் போய் உட்காருங்கள். 1987இல் திரும்பிப் போனீர்களா, 2002இல் சாமான் கட்டினீர்களா, எதைக் கண்டு நம்பினீர்கள், எதைக் கண்டு நம்ப மறுத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.